உம்ராவுக்குப் போனவரை ஹஜ்ஜுக்கு அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரஜப் மாதத்தில் தங்கள் பத்திரிகையில் வந்த ஒரு படத்தைப் பற்றி எழுதுகிறேன். கட்டுநாயக்க விமான நிலையத்தில் வெள்ளைத் துணி உடுத்த ஆண்களும் ஒரே நிற அபாயா போட்ட பெண்களுமாக ஒரு கூட்டம் நிற்கிறது. கீழே ‘புனித ஹஜ் யாத்திரைக்குப் புறப்பட்ட குழுவினர்’ என்று போட்டிருந்தீர்கள். ஹஜ் துல்ஹஜ் மாதத்தில்தான், ரஜபில் ஹஜ் இல்லை. அவர்கள் போனது எந்த மாதமும் செய்யக்கூடிய உம்ராவுக்கு. அந்தக் கூட்டத்தில் எங்கள் தெருப் பிள்ளை ஒன்றும் நின்றது. படத்தைக் கண்ட அவளுடைய மாமி வீட்டார், “ஹஜ்ஜுக்குப் போறவ ஒரு வார்த்தை பயணம் சொல்லிட்டுப் போகக் கூடாதா?” என்று மனத்தாங்கல் பட்டுக்கொண்டார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாக ஏறி இறங்கி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம்.

இது ஒரு குடும்பத்துக்குள் தீர்ந்துவிடும் சங்கதி. ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் மனிதர்கள் காசை இழக்கிறார்கள், சிலர் உயிரையும் இழந்திருக்கிறார்கள். குழப்பம் முஸ்லிம் அல்லாதவர்களிடம் மட்டும் இருந்தால் நான் பேனா எடுத்திருக்க மாட்டேன். எங்கள் வீடுகளுக்குள்ளேயே அது நிறைய இருக்கிறது.

நான் தெமட்டகொடையில் வசிக்கிறேன். இஸ்லாம் பாடம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். பயணம் போகும் பெண்களுக்கு என் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, பின்னேரங்களில் வகுப்பு எடுத்து வருகிறேன். பயண முகவர்களும் வகுப்பு வைக்கிறார்கள்தான். அங்கே மௌலவி மேடையில் இருப்பார், முன் வரிசையில் ஆண்கள் இருப்பார்கள். பெண்களுக்குக் கேட்க வேண்டியவை வாய்க்குள்ளேயே நின்றுவிடும். என் விறாந்தையில் அந்தக் கூச்சம் கிடையாது.

மேல் வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா ஒரு நாள் படியில் நின்றபடி கேட்டார்: “டீச்சர், ரெண்டுக்கும் போற இடம் ஒண்டுதானே, பிறகென்ன வித்தியாசம்?” மக்காப் பள்ளியின் நடுவிலுள்ள கஃபாவின் படத்தை எல்லா இடத்திலும் போட்டு வைத்திருப்பதால் வரும் கேள்வி இது. போகிற இடமே ஒன்றல்ல என்பதுதான் பதில். உம்ராவின் வேலை ஏறக்குறைய முழுவதும் மக்காப் பள்ளிக்குள் முடிகிறது. ஹஜ்ஜின் உயிர் இருப்பதோ பள்ளிக்கு வெளியே, சுமார் 20 கிலோமீற்றர் தள்ளி, அரபா என்ற வெட்டவெளி மைதானத்தில். துல்ஹஜ் மாதத்துப் பிறை 9இல், அதாவது ஒன்பதாம் நாளில், நண்பகல் சாய்ந்ததிலிருந்து மறுநாள் சுபஹு வெளுக்கும் வரையுள்ள நேரத்துக்குள் அங்கே தரிக்காதவருக்கு ஹஜ் இல்லை. ‘ஹஜ் என்பதே அரபாதான்’ என்பது நபி மொழி. கஃபாவைச் சுற்றிச் சுற்றி வந்தாலும், குர்பானி கொடுத்தாலும், அந்த நேரம் தவறினால் தவறியதுதான். எங்கள் ஷாபிஈ மத்ஹபின்படி (மார்க்கச் சட்டப் பிரிவின்படி), அப்படித் தவறவிட்டவர் உம்ராவின் கிரியைகளைச் செய்து, இஹ்ராம் என்ற யாத்திரைக் கட்டுப்பாட்டு நிலையைக் களைந்துவிட்டு, ஹஜ்ஜைப் பிறகொரு வருடம் மீண்டும் செய்ய வேண்டும். ஹஜ்ஜிலிருந்து அரபாவை எடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய ஓர் உம்ரா என்று என் வகுப்பில் சொல்வேன். அதைக் கேட்ட பிறகு யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை.

உம்ராவைச் சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகாது. மக்காவுக்குப் போகும் வழியில் குறிக்கப்பட்ட எல்லையில் இஹ்ராமுக்கான நிய்யத், அதாவது எண்ணம். கொழும்பிலிருந்து போகும் விமானத்தில் எல்லை நெருங்கும்போது அறிவிப்பார்கள். தூங்கிவிடுவோமோ என்ற பயத்தில் ஆண்களில் பலர் கட்டுநாயக்கவிலேயே துணியை உடுத்திக்கொள்கிறார்கள், உங்கள் படத்தில் இருந்தவர்களைப் போல. பிறகு தவாப், கஃபாவை ஏழு முறை சுற்றி வருவது. பிறகு ஸஃயு, ஸபா மர்வா என்ற இரு குன்றுகளுக்கிடையில் ஏழு முறை நடப்பது. ஒரு தடவை நடக்க ஏறக்குறைய 450 மீற்றர், ஏழும் சேர்ந்து 3 கிலோமீற்றருக்குச் சற்று மேல். பச்சை விளக்கு எரியும் துண்டில் ஆண்கள் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். பெண்கள் ஓடத் தேவையில்லை, அங்கே குழந்தைக்குத் தண்ணீர் தேடிய, இப்ராஹீம் நபியின் மனைவி ஹாஜரா நாயகியே எல்லாருக்குமாக ஓடி முடித்துவிட்டார் என்று நான் சொல்வதுண்டு. கடைசியில் ஆண்கள் தலையை மழித்துக்கொள்வார்கள் அல்லது குறைத்துக்கொள்வார்கள். நாங்கள் ஒரு விரல் நுனியளவு முடியை வெட்டிக்கொள்வோம். அவ்வளவுதான். கூட்டம் குறைந்த நேரமாக இருந்தால் சில மணித்தியாலத்தில் முடிந்துவிடும். வருடத்தில் எந்த மாதமும் செய்யலாம்.

ஹஜ் அப்படியல்ல. பிறை 8இல் மக்காவை அடுத்த மினாவில் கூடாரம், 9இல் அரபா. சூரியன் மறைந்ததும் முஸ்தலிபா என்ற வெளி. அங்கே வானத்தின் கீழ் பாயோ துணியோ விரித்துப் படுக்கை. கடலையளவு கற்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். 10ஆம் நாள் மினாவில், கல்லெறியும் தூண்களான ஜம்ராக்களில் பெரியதுக்கு 7 கல். அதே நாளில் குர்பானி, முடி இறக்கல், மக்காவுக்கு வந்து ஹஜ்ஜுக்குரிய தவாபான தவாபுல் இபாழா, பிறகு ஸஃயு. திரும்ப மினா. 11, 12 ஆம் நாட்களில் மூன்று ஜம்ராவுக்கும் நாளொன்றுக்கு 21 கல். 12இல் சூரியன் மறையுமுன் மினாவை விட்டுக் கிளம்பினால் மொத்தம் 49 கல், 13 வரை தங்கினால் 70. ஊர் திரும்புமுன் விடைபெறும் தவாப். கூடாரத்தில் பக்கத்துப் பாய்க்காரியின் குறட்டை, கழிப்பறை வரிசை, பஸ் வராத இரவு, இவையெல்லாம் கணக்கில் சேராதவை. சொகுசு அறை, ‘ஹரம் வியூ’ என்று விளம்பரம் பார்த்துப் போகிறவர்கள் முஸ்தலிபாவில் எழும்பி உட்கார்ந்துகொண்டு அழுத கதைகளைக் கேட்டிருக்கிறேன். பெரிய தொழிலதிபரும் எங்கள் தெரு மீன்காரரும் ஒரே மண்ணில்தான் படுக்க வேண்டும். அது எனக்குப் பிடித்த பகுதி.

யாழ்ப்பாணத்து அம்மா இதைக் கேட்டுவிட்டு, “அப்ப எங்கட கதிர்காமம் மாதிரி. எந்த நாளும் போகலாம், ஆனா கொடியேறினாத்தான் திருவிழா” என்றார். காலத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் கதிர்காமத் திருவிழாவுக்குப் போகாதவர்மேல் ஒரு கடன் நிற்பதில்லை. வசதியும் உடல் பலமும் பாதைப் பாதுகாப்பும் உள்ள முஸ்லிமின்மேல் ஆயுளில் ஒரு தடவை ஹஜ் பர்ளு, கட்டாயக் கடமை. ஐந்து கடமைகளில் ஐந்தாவது. நபியவர்கள் மதீனாவுக்குப் போன பின் செய்த ஹஜ் ஒன்றே ஒன்று, ஹிஜ்ரி 10இல். உம்ராக்களோ நான்கு.

உம்ரா கடமையா என்பதில் இமாம்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஹனபி, மாலிகி மத்ஹபுகளில் அது சுன்னத், கட்டாயமல்லாத நபி வழி. ஷாபிஈ, ஹன்பலி மத்ஹபுகளில் அதுவும் ஆயுளில் ஒரு தடவை கடமை. ‘ஹஜ்ஜையும் உம்ராவையும் அல்லாஹ்வுக்காகப் பூர்த்தி செய்யுங்கள்’ என்ற குர்ஆன் வசனம் (2:196) அதற்கு ஆதாரம். இந்த நாட்டில் பெரும்பாலானோர் ஷாபிஈக்கள். ஆகவே ‘உம்ரா சும்மா சுன்னத்துத்தானே’ என்று எங்கோ கேட்டதை இங்கே வந்து ஒப்பிப்பவர்கள், தாங்கள் எந்த மத்ஹபில் தொழுகிறோம் என்பதையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் நல்லது. ஆனால் ஹஜ்ஜுக்குப் போகிறவர் பெரும்பாலும் முதலில் உம்ராவைச் செய்து, இஹ்ராமைக் களைந்து, பிறகு 8ஆம் நாள் மீண்டும் இஹ்ராம் கட்டுவார். தமத்துஉ என்பார்கள். அவருக்கு ஒரே பயணத்தில் இரண்டு கடமையும் தீர்ந்துவிடும். உம்ராவுக்கு மட்டும் போனவருக்கு ஒன்றுதான் தீரும். மறுபக்கமாகக் கணக்குப் பார்க்க முடியாது.

அந்தக் கணக்கில்தான் எங்கள் ஆட்கள் வழுக்குகிறார்கள். ‘ரமழானில் செய்யும் உம்ரா ஹஜ்ஜுக்கு நிகர்’ என்று ஸஹீஹான (உறுதியான) ஹதீஸ் இருக்கிறது. நன்மையில் நிகர் என்பதே அதன் பொருள், கடமை நீங்கும் என்பதல்ல. இதில் எந்த மத்ஹபுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மாளிகாவத்தையில் ஒரு விதவைத் தாய். கணவருடைய சேமலாப நிதிப் பணத்தை ஹஜ்ஜுக்கென்று வங்கியில் போட்டு வைத்திருந்தார். ரூபாய் விழுந்த 2022க்குப் பிறகு அந்தத் தொகை ஹஜ்ஜுக்குப் பற்றாது, ஆனால் இரண்டு பேருடைய உம்ராவுக்குத் தாராளமாகப் போதும். மகன், “உம்மா, ரமழான்ல ரெண்டு பேருமாப் போவம், ஹஜ்ஜுட கடமையும் அதோட முடிஞ்சிடும்” என்று சொல்லிக் காசை எடுப்பித்தார். முகவரும் தலையாட்டியிருக்கிறார். அந்தத் தாய் வகுப்புக்கு வந்த இடத்தில், “அப்ப எனக்கு ஹஜ்ஜும் முடிஞ்சிடும் தானே டீச்சர்?” என்று உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்டார். இல்லை என்றேன். விறாந்தையில் சத்தமே இல்லை. அடுத்த கிழமை காசு வங்கிக்குத் திரும்பிவிட்டது. மகன் என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தத் தாய் உம்ராவுக்குப் போவது பிழையென்று நான் சொல்லவில்லை. ஹஜ் முடிந்துவிடுமென்ற நினைப்போடு போவதுதான் பிழை.

இதற்கு நேர்மாறான ஒரு பயமும் உலாவுகிறது. ‘உம்ராவுக்குப் போய் கஃபாவைக் கண்ணால் கண்டுவிட்டால் ஹஜ் கடமையாகிவிடும், அதனால் போகாதே’ என்பது. எத்தனையோ வயதான பெண்கள் இந்தப் பேச்சுக்குப் பயந்து, பிள்ளைகள் அனுப்ப ஆயத்தமாக இருந்தும் வீட்டில் இருந்துவிட்டார்கள். காண்பதால் எதுவும் கடமையாவதில்லை. சக்தி இருந்தால்தான் கடமை. உம்ரா விசாவில் போனவருக்கு ஹஜ் வரை அங்கே நிற்க அனுமதியே கிடையாது. பிறகு சக்தி எங்கிருந்து வரும்?

அனுமதி என்று சொன்னதும், நான் இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு மெய்யான காரணத்துக்கு வந்துவிட்டேன். ஹஜ்ஜுக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனை பேரென்று சவூதி அரசு அளந்து கொடுக்கிறது. 2025இல் இலங்கைக்குக் கிடைத்தது 3,500 இடம். முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் பதிந்து, முறை வரும்வரை காத்திருந்து, அனுமதி பெற்ற முகவர் வழியாகத்தான் போக முடியும். உம்ராவுக்கு அப்படி நாட்டுக்கு இத்தனை என்ற கட்டுப்பாடில்லை. 2023இல் வெளிநாடுகளிலிருந்து உம்ராவுக்குப் போனவர்கள் 1 கோடி 35 லட்சம் பேர் என்று சவூதி அரசு சொன்னது. அடுத்த வருட ஹஜ்ஜில் உள்நாடு, வெளிநாடு எல்லாம் சேர்த்து 18 லட்சத்துச் சொச்சம் பேர்தான். இந்த இடைவெளிக்குள் தான் வியாபாரம் நுழைகிறது. “உம்ரா விசாவிலயோ விசிட் விசாவிலயோ போங்க, அங்க ஆள் ஈக்கிது, ஹஜ் முடிஞ்சி வரலாம்” என்று எங்கள் பகுதியில் ஒரு தம்பதியிடம் சொல்லியிருக்கிறார்கள். இருவருமே ஓய்வூதியக்காரர்கள். அரைவாசி முற்பணமும் கொடுத்தாகிவிட்டது. யார் சொன்னது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

2024 ஹஜ்ஜில் 1,300க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மக்காப் பள்ளியில் அந்த நாட்களில் வெயில் 51.8 பாகை செல்சியஸ் வரை ஏறியது. இறந்தவர்களில் 83 சதவீதத்தினர் ஹஜ் அனுமதி இல்லாமல் வந்தவர்கள் என்று சவூதி அரசு அறிவித்தது. ஏனென்று கேட்டால் விளக்கம் எளிது. அனுமதியோடு போனவருக்கு மினாவில் குளிரூட்டிய கூடாரம், அரபாவுக்கு பஸ், மயங்கி விழுந்தால் தேடி வரும் குழு. அனுமதி இல்லாதவர் சோதனைச் சாவடிக்குப் பயந்து கால்நடையாகப் போவார், நிழல் இருக்கும் கூடாரத்துக்குள் அவரை விட மாட்டார்கள், பேர் எந்தப் பட்டியலிலும் இராது. குடும்பத்தார் நாட்கணக்கில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடியலைந்த செய்திகள் உங்கள் பத்திரிகையிலும் வந்தன.

அதற்கடுத்த வருடம் கட்டுப்பாட்டை இறுக்கினார்கள். உம்ரா விசாவில் 2025 ஏப்ரல் 13க்குப் பிறகு உள்ளே போக முடியாது, ஏப்ரல் 29க்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்றார்கள். அனுமதியின்றி ஹஜ் செய்ய முனைபவருக்கு 20,000 ரியால் வரை தண்டம். விசா காலம் முடிந்தும் நின்றவரைப் பிடித்தால் நாடு கடத்தல், 10 வருடத்துக்கு உள்ளே வரத் தடை. ஆள் பிடித்துக் கொடுத்தவருக்கும் தங்க இடம் கொடுத்தவருக்கும் 100,000 ரியால் வரை. அந்தத் தம்பதிக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். கணவரான நானா சொன்ன பதில்: “அல்லாஹ்ட வீட்டுக்குப் போறதுக்கு யார்ட பெர்மிட் டீச்சர்?” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாதைப் பாதுகாப்பு இல்லாவிட்டால் ஹஜ் கடமையே இல்லை என்று அதே அல்லாஹ்வின் சட்டம் சொல்கிறது என்றேன். மனைவியான ராத்தா என் பக்கம். நானா இன்னும் யோசிக்கிறாராம். முற்பணம் திரும்பி வரவில்லை.

பெண்கள் விஷயம் ஒன்றையும் எழுதிவிடுகிறேன், ஆசிரியர் வெட்டாமல் போட வேண்டும். மாதவிடாய் வந்தவர் தவாப் செய்ய முடியாது. பத்துப் பன்னிரண்டு நாள் உம்ராப் பொதியில் போகிறவர் மக்காவில் இறங்கிய அன்றே நாள் வந்துவிட்டால், சுத்தமாகும்வரை இஹ்ராமோடு காத்திருக்க வேண்டும். அதற்குள் குழு மதீனாவுக்குக் கிளம்பிவிடும். எந்த முகவரும் முற்பணம் வாங்கும்போது இதைச் சொல்வதில்லை. ஹஜ்ஜில் நிலைமை வேறு. ஆயிஷா நாயகிக்கே ஹிஜ்ரி 10இல் மக்காவை நெருங்கும் வழியில் மாதவிடாய் வந்தது. அழுதுகொண்டிருந்த அவரிடம், ஹாஜிகள் செய்யும் எல்லாவற்றையும் செய், தவாபை மட்டும் சுத்தமான பிறகு செய் என்றார்கள் நபியவர்கள். அப்படியே அரபாவில் நின்றார். ஹஜ் நிறைவேறியது. மற்றவர்கள் தனியாக ஓர் உம்ராவும் செய்துவிட்டுத் திரும்புகிறார்களே என்று அவருக்கு மனக்குறை. நபியவர்கள் அவரைச் சகோதரர் அப்துர் ரஹ்மானோடு மக்கா எல்லைக்கு வெளியே உள்ள தன்ஈமுக்கு அனுப்பி, அங்கே இஹ்ராம் கட்டி வந்து உம்ரா செய்ய வைத்தார்கள். இன்றைக்கு மக்காவில் இருப்பவர்கள் உம்ராவுக்கு இஹ்ராம் கட்டப் போகும் ஆயிஷா பள்ளி அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஹஜ்ஜும் உம்ராவும் இரு வேறு வணக்கங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்ச்சி எனக்குத் தெரியாது. வகுப்பில் இதைச் சொன்னால் பெண்கள் பாயில் நெருங்கி வந்து உட்காருவார்கள்.

மஹ்ரம் (துணையாக வரும் நெருங்கிய ஆண் உறவினர்) இல்லாமல் பெண் போகலாமா என்று அடுத்த கேள்வி வரும். விசாவுக்கு மஹ்ரம் தேவையில்லையென்று 2022 ஒக்டோபரில் சவூதி ஹஜ் அமைச்சர் அறிவித்துவிட்டார். விசா விதி வேறு, மார்க்கச் சட்டம் வேறு. பின்னதைத் தங்கள் பள்ளி மௌலவியிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

ஒவ்வொரு வருடமும் உம்ராவுக்குப் போய், கஃபாவைப் பின்னால் வைத்துப் படமெடுத்துப் போடும் வசதியுள்ளவர்கள் கொழும்பில் நிறையப் பேர். அவர்களில் ஹஜ் செய்யாதவர்களும் இருக்கிறார்கள். ‘ஹஜ் கஷ்டம், பிறகு பார்ப்போம்’ என்கிறார்கள். தள்ளிப்போட ஷாபிஈ மத்ஹபில் இடம் இருக்கிறதுதான். செய்யும் எண்ணத்தோடு தள்ளிப்போடலாம், செய்யாமலே மௌத்தானால் பாவம் தலைமேல். அவருடைய சொத்திலிருந்து, அவருக்குப் பதிலாக இன்னொருவர் செய்யும் பதல் ஹஜ்ஜுக்குக் காசு ஒதுக்க வேண்டிவரும். வாரிசுகள் எவ்வளவு சந்தோஷமாக ஒதுக்குவார்கள் என்பதை நான் இரண்டொரு வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர் அவர்களே, படத்துக்குக் கீழே எழுதுகிறவர்களுக்கு ஓர் இலகுவான வழி சொல்கிறேன். உங்கள் மேசையில் உள்ள கலண்டரில் ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையைப் பாருங்கள். அதற்கு முந்திய ஆறேழு கிழமைக்குள் புறப்பட்ட கூட்டமென்றால் ஹஜ்ஜாக இருக்கலாம், விசாரித்துப் போடுங்கள். மற்ற நாளில் புறப்பட்டால் அது உம்ரா, விசாரிக்கவே வேண்டியதில்லை. விளம்பரப் பகுதியினரிடமும் ஒரு வேண்டுகோள். ‘உம்ராவுடன் ஹஜ்ஜும்’ என்று யாராவது விளம்பரம் கொண்டுவந்தால், திணைக்கள அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். அத்தோடு, உம்ரா விசாக்காரர் வெளியேற வேண்டிய கடைசித் திகதியை சவூதி அரசு அறிவித்ததும் அதை முதற்பக்கத்தில் போடுங்கள். ரமழானில் பெருநாள் உடுப்பு விளம்பரத்துக்குக் கொடுக்கும் இடத்தில் கால்வாசி போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை
தெமட்டகொடை, கொழும்பு 09